குருசு போட்ட டிக்கெட்

பிரைட்டன்

பிரைட்டன் கடற்கரையில் மணல் கிடையாது; அத்தனையும் கூழாங்கல். மெரினாவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பழக்கத்தில் இங்கேயும் கழற்றிவிட்டு நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டுக்குத் திரும்ப மாட்டிக்கொண்டேன். அலை ஏறி வரும்போது நம்மூர்ச் சத்தம்தான். இறங்கும்போதுதான் வேறு. பத்துப் படி மொச்சையை ஒரே சொளகில் போட்டுப் புடைத்தால் எழுமே, அப்படி ஒரு கலகலப்பு. கையில் காகிதப் பொட்டலம். அதில் வறுத்த மீனும் உருளைக்கிழங்கும், மேலே தெளித்த வினிகரும். இரண்டாவது துண்டை எடுப்பதற்குள் ஒரு கடற்புறா தோளுக்கு மேலாக வந்து மீனில் பாதியைக் கொத்திக்கொண்டு போனது. மதுரைக் காக்கா அதனிடம் பாடம் படிக்க வேண்டும்.

கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே நடந்தால் ராயல் பெவிலியன். வெங்காயக் குமிழ் மாதிரி கோபுரங்கள், ஊசி ஊசியாக மினார்கள். இந்தியாவுக்கு வந்தே இராத ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர், நான்காம் ஜார்ஜுக்காக 1815 முதல் ஏழெட்டு வருடம் வேலை செய்து எழுப்பிய இந்தியக் கனவு அது. பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது எழும்பூர் ரயில் நிலையம். 1908-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு ஒரு அத்தை வீடு இங்கிலாந்துக் கடலோரத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை 1914 டிசம்பரிலிருந்து இந்த அரண்மனையில்தான் படுக்க வைத்திருந்தார்கள். சாதிக்கும் மதத்துக்கும் தகுந்தபடி ஒன்பது சமையலறைகள் வைத்தார்களாம். இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்களை ஊருக்கு வெளியே குன்றின்மேல் எரித்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு மண்டபம் எழுந்தது. அந்தச் சிப்பாய்களுக்கு இங்கே வர ஒரு வழி கிடைத்தது. திரும்பிப் போகக் கிடைக்கவில்லை.

நான் போக வேண்டியது யார்க். அதாவது தெற்குக் கடலோரத்திலிருந்து லண்டனைத் தாண்டி வடக்கே. லண்டனில் இறங்குகிற நிலையம் ஒன்று. ஏறுகிற நிலையம் வேறு. டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த அம்மாளிடம், ஊரைக் கடக்க என்ன செய்வது என்று கேட்டேன். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு ஓடிப் பழகியவன் கேட்கிற கேள்வி அது. அவர் பதில் சொல்லாமல், அச்சாகி வந்த அட்டையில் ஓரிடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

ஏ.டி.எம். கார்டு அளவு அட்டை, ஆரஞ்சு நிறம், பின்பக்கம் கறுப்புக் காந்தப் பட்டை. முன்பக்கம் புறப்படும் ஊர், சேரும் ஊர், கட்டணம். கீழே 'வழி' என்று ஒரு கட்டம். அதில் 'அனுமதிக்கப்பட்ட எந்த வழியும்' என்பதற்கு முன்னால், கடுகளவில் ஒரு சிலுவைக் குறி. பழைய டிக்கெட்டுகளில் இதை மால்டா சிலுவையாகவே அச்சிட்டார்கள். அதனால் ரயில்காரர்கள் இன்றும் மால்டாச் சிலுவை என்றே சொல்கிறார்கள். அந்தக் குறி இருந்தால் லண்டனுக்குள் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பாதாள ரயில் செலவும் இந்த டிக்கெட்டிலேயே அடக்கம். தனியாக எதுவும் எடுக்க வேண்டாம்.

"இவ்வளவுதானா?" என்றேன். இவ்வளவுதான் என்பதுபோலச் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவுஸ் பள்ளத்தாக்கு

பிரைட்டனிலிருந்து லண்டன் ஒரு மணி நேரம். பாதை 1841-லேயே போட்டுவிட்டார்கள். வழியில் ஹேவர்ட்ஸ் ஹீத் தாண்டியதும் ரயில் சட்டென்று காற்றில் ஏறிக்கொள்கிறது. கீழே பசும்புல், ஆடுகள், ஓடையைப்போல ஒடுங்கிய அவுஸ் ஆறு. 37 செங்கல் வளைவுகள்மேல் நிற்கிற பாலம் அது. உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குப் பாலம் தெரியாது. எதிரே இருந்த பாட்டி குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலையைத் தூக்காமலே ஜன்னல் பக்கம் விரலை நீட்டி, இப்போது பாருங்கள் என்றார். எத்தனை வருடமாக இந்த வண்டியில் போகிறாரோ, சக்கரச் சத்தம் மாறினாலே பாலம் வந்துவிட்டது என்று தெரிகிறது. வைகை எக்ஸ்பிரஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது தூக்கத்திலேயே கும்பிடு போடுகிற எங்கள் பெரியம்மா நினைவுக்கு வந்தார்.

இதெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவன் ஒரு தப்புச் செய்தேன். டிக்கெட்டைக் கைப்பேசி உறைக்குள் சொருகி வைத்திருந்தேன். அந்த உறையின் மூடியில் காந்தம்.

விக்டோரியா

விக்டோரியா நிலையத்தில் பிளாட்பார வாசலிலேயே மெஷின் என் அட்டையைத் துப்பிவிட்டது. அங்கே நின்றவர் பார்த்துவிட்டுக் கையசைத்து விட்டார். மேலே போவதற்கு முன் அந்த நிலையத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விக்டோரியா உண்மையில் ஒரு நிலையமே இல்லை. ஒட்டிப் பிறந்த இரண்டு. பிரைட்டன் கம்பெனி 1860-ல் ஒரு பக்கம் திறந்தது. இரண்டே வருடத்தில் சாதம் அண்ட் டோவர் கம்பெனி பக்கத்திலேயே இன்னொன்று திறந்தது. நடுவில் ஒரு சுவர். பங்காளி வீட்டுச் சுவர் என்று நாம் சொல்வோமே, அதேதான். இந்தப் பக்கம் இறங்கியவர் அந்தப் பக்க வண்டியைப் பிடிக்க வேண்டுமென்றால் தெருவுக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். 1923-ல் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்ட பிறகுதான் சுவரில் வழி பிறந்தது. பெரிய சுவர் இன்றும் நிற்கிறது. நடுவில் வாசல் இருப்பதால் யாரும் அதைச் சுவர் என்று கவனிப்பதில்லை.

லண்டன் முழுக்க இதே கதைதான். ஆளுக்கொரு கம்பெனி, கம்பெனிக்கொரு முனையம். அத்தனை பேரையும் ஊருக்குள் விட்டால் வீடும் கடையும் மிஞ்சாது என்று பயந்து, 1846-ல் ஒரு அரசுக் குழு, நகரத்தின் நடுப்பகுதிக்குள் ரயில் நுழைய வேண்டாம் என்று பரிந்துரைத்தது. வடக்கிலிருந்து வந்த கம்பெனிகள் ஒரே சாலையோரத்தில் வரிசையாக நின்றுவிட்டன: யூஸ்டன், கிங்ஸ் கிராஸ், செயின்ட் பாங்க்ரஸ். மூன்றும் ஒரு கிலோமீட்டருக்குள். தெற்கிலிருந்து வந்தவை வாட்டர்லூ, லண்டன் பிரிட்ஜ், விக்டோரியா என்று தனித்தனியாகக் கூடாரம் அடித்தன. மேற்கே பேடிங்டன். நடுவில் இருந்த ஊரைக் கடப்பது பயணியின் பாடு, குதிரைவண்டிக்காரனின் வரும்படி.

பாதாள ரயில் பிறந்ததே இந்த இடைவெளியை அடைக்கத்தான். சார்ல்ஸ் பியர்சன் என்ற வக்கீல் பல வருடம் சொல்லிச் சொல்லி, 1863 ஜனவரி 10-ல் பேடிங்டனிலிருந்து கிங்ஸ் கிராஸ் வழியாக ஃபாரிங்டன் வரை உலகின் முதல் நிலத்தடிப் பயணிகள் ரயில் ஓடியது. நீராவி இன்ஜின், உள்ளே கேஸ் விளக்கு, சுரங்கம் நிறையப் புகை. பியர்சன் அதில் ஏறவில்லை. முந்தைய வருடமே இறந்துவிட்டார்.

நான் பாதாள ரயில் வாசலுக்கு வந்தேன். அட்டையை முன்பக்கத் துளையில் விட்டேன். மேலே எட்டிப் பார்த்தது, கதவு திறக்கவில்லை. உதவி நாடவும் என்று திரையில் ஓடியது. பின்னால் நின்றவர்கள் சத்தமில்லாமல் பக்கத்து வரிசைக்கு மாறினார்கள். நம் ஊராக இருந்தால் நாலு பேர் யோசனை சொல்லியிருப்பார்கள்; இங்கே ஒருவரும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எது தேவலை என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஓரத்தில் அகலக் கதவருகே ஊதா மேல்சட்டையில் ஒருவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் உதட்டுக்குள் முனகியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தம்பி தமிழோ?"

உலகத்தில் இதைவிட நல்ல வரவேற்பு கிடையாது.

"ஆமாண்ணே. மதுரை."

"அட, இந்தியாவே! எங்க போறியள்?"

"யார்க். மெஷின் டிக்கெட்ட எடுக்க மாட்டேங்குதுண்ணே."

அட்டையை வாங்கிப் புரட்டினார். "போனோட சேத்து வச்சனீங்களோ?"

"ஆமாண்ணே."

"அதுதான். காந்தம் செத்துப்போச்சு. ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. குருசு கிடக்குதுதானே, பாருங்கோ" என்று கடுகளவு குறியின் மேல் பெருவிரல் நகத்தை வைத்தார். "மெசின் விடாட்டியும் நாங்கள் விட வேணும்."

யாழ்ப்பாணத்துக்காரர். வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறதாம். கூட்டம் குறைவான நேரம் என்பதால் இரண்டு நிமிடம் பேச முடிந்தது. ஒரே ஒரு கடவைதான், நடுவில் எங்கேயாவது வெளியே போய்விட்டால் குருசு வேலை செய்யாது, பஸ்ஸிலும் செல்லாது என்று விளக்கினார். "டூட்டிங்கில இறங்கி நல்ல கொத்துரொட்டி சாப்பிட்டுப் போவம் எண்டு நினைச்சியள் எண்டால், அதுக்கு வேற டிக்கெட்" என்று சிரித்தார். கிங்ஸ் கிராஸிலும் கதவு திறக்காது, அங்கே நிற்கிற ஆட்களிடம் காட்டினால் போதும் என்றும் சொன்னார்.

நன்றி சொன்னேன். "நான் வந்த புதுசில எனக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லை தம்பி. ரெண்டு முறை காசு குடுத்தனான்" என்றபடி அகலக் கதவைத் திறந்துவிட்டார்.

நிலத்துக்கடியில்

விக்டோரியா லைன் 1968-ல் திறக்கத் தொடங்கிய பாதை. ஒவ்வொரு நிலையத்திலும் உட்காருமிடத்துக்குப் பின்னால் ஓடுகளில் ஒரு படம். அந்த நிலையத்தின் பெயரையோ அடையாளத்தையோ படமாக்கியிருக்கிறார்கள். விக்டோரியாவில் மகாராணியின் பக்கவாட்டு முகம். கிரீன் பார்க்கில் மேலிருந்து பார்த்த மரங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் ஒரு வட்டமும் அதில் சந்திக்கும் கோடுகளும். வாரன் ஸ்ட்ரீட்டில் ஒரு புதிர்ப்பாதை. வாரன் என்றால் முயல் வளை. யூஸ்டனில் ஒரு பெரிய கல் வளைவு. அந்த வளைவு இப்போது மேலே இல்லை. 1960-களின் தொடக்கத்தில் எதிர்ப்பையும் மீறி இடித்துவிட்டார்கள். தரைக்கு மேல் இடித்ததைத் தரைக்குக் கீழே ஓட்டில் வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது நிறுத்தம் கிங்ஸ் கிராஸ். ஓட்டில் சிலுவை வடிவில் அடுக்கிய கிரீடங்கள். என் டிக்கெட்டிலும் சிலுவை. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளிவாசலில் ஒரு இளம்பெண் நின்றிருந்தார். அட்டையை நீட்டினேன். ஊர்ப் பெயரைப் பார்க்கவில்லை, கட்டணத்தைப் பார்க்கவில்லை. கண் நேராக அந்தக் கட்டத்துக்குப் போய் நின்றது. கதவு திறந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

யார்க்

கிங்ஸ் கிராஸ் 1852-ல் கட்டியது. மஞ்சள் செங்கல், பக்கத்துக்கு ஒரு வளைவு, நடுவில் கடிகாரம், வேறு ஆடம்பரம் இல்லை. ஹாரி பாட்டர் பிள்ளைகள் ஒன்பதே முக்கால் பிளாட்பாரத்துத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வரிசையில் நின்றார்கள். எனக்கு வண்டி வந்துவிட்டது.

பீட்டர்பரோ தாண்டியதும் ஒரு மேடு. ஸ்டோக் பேங்க் என்று பெயர். 1938 ஜூலை 3-ல் இந்தச் சரிவில்தான் மல்லார்ட் என்ற நீராவி இன்ஜின் மணிக்கு 126 மைல், அதாவது 200 கிலோமீட்டருக்கும் மேல், ஓடியது. நீராவியில் அந்தச் சாதனையை இதுவரை எதுவும் முறியடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் யார்க்.

யார்க்கில் இறங்கியவுடனே கோட்டை மதில். இன்னொரு பக்கம் நடந்தால் தேசிய ரயில்வே அருங்காட்சியகம், அனுமதி இலவசம். அங்கே நீல நிறத்தில் மல்லார்ட் நிற்கிறது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் தன்னார்வலராக நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்த என் செத்துப்போன அட்டையைக் காட்டியதும் மல்லார்டை விட்டுவிட்டு டிக்கெட்டுக்குத் தாவிவிட்டார்.

அவர் சொன்னது இது. 1830-களில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற நிலைய அதிகாரி இருந்தார். மரச்சாமான் தொழிலில் நொடித்துப்போய் ரயில்வேக்கு வந்தவர். ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதிக் கொடுப்பது அலுத்துப்போய், வரிசை எண் அச்சிட்ட சின்ன அட்டை டிக்கெட்டையும் அதில் தேதி குத்தும் கருவியையும் உண்டாக்கினார். எனக்கு உடனே மதுரை நிலைய ஜன்னல் கண்ணில் வந்தது. அப்பா உள்ளே காசை நீட்டுவார். அடுக்குப் பெட்டியிலிருந்து ஒரு கெட்டி அட்டை வரும். இரும்புக் கருவிக்குள் போய் 'டக்' என்று ஒரு சத்தம். தேதி பள்ளமாகப் பதிந்திருக்கும்; விரலால் தடவினால் தெரியும். அந்தச் சத்தத்துக்கு மூலவர் இவர்தான்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். அட்டை வந்துவிட்டது, ஆனால் ஒரு பயணி மூன்று கம்பெனி வண்டியில் போனால் காசு யாருக்கு? இதற்காகவே 1842-ல் கிளியரிங் ஹவுஸ் என்று ஒரு பொதுக் கணக்கு அலுவலகம் தொடங்கினார்கள். நாள் முழுக்கக் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து, யார் பாதையில் எத்தனை மைல் என்று கணக்குப் பார்த்து, கட்டணத்தைப் பங்கு பிரித்தார்கள். கம்பெனிகள் ஒன்றையொன்று கழுத்தறுத்துக்கொண்டிருந்த காலம் அது. சண்டை தனியே, டிக்கெட் தனியே. பயணி கையில் ஒரே ஒரு அட்டை. தகராறு கணக்குப் புத்தகத்துக்குள்.

குருசுக் குறி அந்தக் குமாஸ்தாக்களின் பேரப்பிள்ளை.

அன்று மாலை சுடச்சுட யார்க்‌ஷயர் புட்டிங் சாப்பிட்டேன். பெயரைக் கேட்டு இனிப்பு என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உப்பிய ஆப்பத்தைக் கிண்ணமாக வளைத்து உள்ளே குழம்பு ஊற்றியதுபோல் இருந்தது. அது நன்றாகவே இருந்தது.

பிளாக்ஃபிரையர்ஸ்

திரும்பும்போது வேறு வழி. கிங்ஸ் கிராஸில் இறங்கி, சாலையைக் கடந்து செயின்ட் பாங்க்ரஸின் கீழ்த்தளத்துக்குப் போனால், பிரைட்டனுக்கே நேராகப் போகிற தேம்ஸ்லிங்க் வண்டி. நகரத்துக்கு அடியிலேயே வடக்கிலிருந்து தெற்கே போகிறது. இந்தப் பாதையில் இருக்கும் ஸ்னோ ஹில் சுரங்கம் 1866-லேயே திறந்தது. 1916-ல் பயணிகள் வண்டி நின்றுபோய், எழுபது வருடத்துக்கு மேல் கழித்து, 1988-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. போகும்போதே இதில் போயிருக்கலாம். போயிருந்தால் யாழ்ப்பாணத்து அண்ணனைப் பார்த்திருக்க முடியாது.

பிளாக்ஃபிரையர்ஸ் நிலையம் தேம்ஸ் நதிக்கு மேலேயே இருக்கிறது. பிளாட்பாரம் பாலத்தின்மேல், கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். கண்ணாடி வழியே நதி, தூரத்தில் டவர் பிரிட்ஜ். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த ஒரு தாய், இரண்டு பெரிய பெட்டிகளோடு விமான நிலையம் போகிற முதியவர், நான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. லண்டன் எங்களுக்குக் கீழும் மேலுமாக நகர்ந்துபோனது.

சென்னை

ஊர் திரும்பிய வாரத்தில் ஒரு நண்பனை வழியனுப்ப சென்னை சென்ட்ரலுக்குப் போயிருந்தேன். வண்டி கிளம்பிய பிறகு வெளியே வந்தால், வாசலில் ஒரு வடநாட்டுக் குடும்பம். வயதான கணவன் மனைவி, மகன், மருமகள், ஒரு கைக்குழந்தை, துணி மூட்டைகள், கங்கை ஜலம் நிரப்பிய பிளாஸ்டிக் கேன். ராமேஸ்வரம் போகிறவர்கள். "எக்மோர்? எக்மோர்?" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் பெரியவர். கையில் இரண்டு டிக்கெட்: இங்கே வந்தது ஒன்று, அங்கிருந்து போவது ஒன்று. நடுவில் இருக்கிற ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றும் இல்லை. ஒரு ஆட்டோக்காரர் தொகையை விரலால் காட்டிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 1846-ல் லண்டன் குதிரைவண்டிக்காரன் செய்ததும் அதுதான்.

நான் அவர்களை மெட்ரோவுக்குக் கூட்டிப் போனேன். சென்ட்ரலுக்கு அடுத்த நிறுத்தமே எழும்பூர். தனியாகச் சீட்டு வாங்கி, கேனைச் சோதனைக்குக் கொடுத்து, பெரியவரைக் கைபிடித்து எஸ்கலேட்டரில் ஏற்றி, எழும்பூரில் கொண்டுபோய் விட்டேன். வண்டிப் பயணம் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்துக்கு முன்னால் இருந்த பயம் அரை மணி நேரம்.

சென்ட்ரலும் எழும்பூரும் தனித்தனியாக நிற்பதற்கும் பழைய கம்பெனிக் கணக்குகள்தான் காரணம். சென்ட்ரல் மெட்ராஸ் ரயில்வேயின் முனையம்; எழும்பூர் சவுத் இந்தியன் ரயில்வேயினுடையது. அந்தக் கம்பெனிகள் போய் வெகுகாலம் ஆகிறது. இன்று இரண்டு நிலையமும் ஒரே ரயில்வேயின் சொத்து. இடையே ஓடும் மெட்ரோவோ மத்திய அரசும் மாநில அரசும் கூட்டாக நடத்துவது. லண்டனில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த தனியார் முதலாளிகள் 1842-ல் குமாஸ்தாக்களை உட்கார வைத்துச் செய்த காரியத்தை, கம்ப்யூட்டர் இருக்கிற நாளில் இரண்டு அரசுகள் செய்ய முடியாதா?

சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் ஏறுகிற, எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏறுகிற வெளியூர்ப் பயணியின் டிக்கெட்டிலேயே அந்த ஒரு நிறுத்தத்தையும் சேர்த்துவிடுங்கள். குறி சிலுவையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை; ஒரு புள்ளி போதும். ராமேஸ்வரத்துக்குக் காசு வாங்கியவர்கள் எழும்பூர் வரையாவது கூட்டிப்போக வேண்டும்.